பூட்ஸ் வெளியே, காலுறை உள்ளே

கூட்டத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு. நீள மேசையின் தலைமாட்டில், கைவைத்த நாற்காலியில், குழுத் தலைவரான பெரிய பொறியாளர். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விதிமுறைக் கண்காணிப்பாளர். எதைப் பேசினாலும் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று முடிப்பதால் அவருக்கு அலுவலகம் முழுக்க 'இணைப்பு' என்றே பெயர். இடப்பக்கம் ஸ்டோர் கீப்பர். அவருக்கு அடுத்து, சிறப்பு அழைப்பாளராகக் குழாய் நிபுணர். மேசையின் கால்மாட்டில், குறிப்பெடுக்கும் நோட்டோடு, தபால் பிரிவு அக்கா. சுவரோரம், மேசைக்குக் கை எட்டாத தூரத்தில், மர ஸ்டூலில் லைன்காரர். லைன்காரருடைய பூட்ஸ் இரண்டும் கதவுக்கு வெளியே.

கூட்ட அறையில் கம்பளம் விரித்திருந்தது. பூட்ஸோடு உள்ளே வரக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆகவே, பூட்ஸுக்குள் போடவேண்டிய காலுறையைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கூடிய அந்தக் குழு, பூட்ஸ் இல்லாமலே தன் பணியைத் தொடங்கியது. லைன்காரர் வெறுங்காலைக் கம்பளத்தில் வைக்கத் துணியாமல் ஸ்டூலின் குறுக்குச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, பார்க்கவே கூசும்படி சிவந்திருந்தது.

அந்தக் குடிநீர்க் குழாய்த் துறையில் லைன்காரர் என்றால், நீர்த்தேக்கத்திலிருந்து நகரத்துக்கு வரும் பெரிய குழாயின் ஓரமாகவே தினமும் பதினான்கு கிலோமீட்டர் நடந்து, எங்கே கசிகிறது, எங்கே மூட்டு விட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறவர். அப்படிப் பதினொரு பேர் இருந்தார்கள். முள்ளும் சரளைக்கல்லும் நிறைந்த பாதை என்பதால் துறை அவர்களுக்கு நல்ல கெட்டி பூட்ஸ் கொடுத்திருந்தது. காலுறை கொடுக்கவில்லை. அவரவர் வீட்டில் கிடைத்த பழைய காலுறையைப் போட்டுக்கொண்டு பதினொரு பேரும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

நம் லைன்காரர் அதோடு விட்டிருக்கலாம். அவருக்குக் கடிதம் எழுதும் பழக்கம் இருந்தது. தேதி, பொருள், வணக்கம், வேண்டுகோள் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, 'பூட்ஸுக்கு ஏற்ற, உழைக்கக் கூடிய, காலை உறுத்தாத காலுறை ஆளுக்கு இரண்டு ஜோடி தந்தால் நல்லது' என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டார்.

பதில் பதினைந்தே நாளில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் வந்தபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். 'காலுறை தொடர்பான விவகாரம் குழுவின் பரிசீலனையில் உள்ளதால், முடிவு தெரியும்வரை அங்கீகரிக்கப்படாத எந்தக் காலுறையையும் துறையின் பூட்ஸுக்குள் அணியக் கூடாது' என்று பதினொரு பேருக்கும் சுற்றறிக்கை. மறுநாள் காலையிலிருந்து மேற்பார்வையாளர் வரிசையாக நிற்கவைத்து, கால்சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அன்று முதல் பதினொரு பேரும் வெறுங்காலில் பூட்ஸ்.

"வாப்பா, காலுறை வள்ளல்!" என்றார் பதினொரு பேரில் மூத்த லைன்மேன், கல்லில் உட்கார்ந்து குதிகாலை ஊதிக்கொண்டே. "இருந்த கோவணத்தையும் உருவிட்டியே. உனக்கு யாருய்யா எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தது?"

"நல்லதுக்குத்தான்ணே எழுதினேன்."

"நல்லதுக்குத்தான். அடுத்த தடவ தாகமா இருக்குன்னு எழுதிடாத. குழாயையே மூடிடுவாங்க."

சிரிப்புக்கு நடுவே எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நடைச் சோதனை உண்டு. துறையின் மருத்துவர் முற்றத்தில் நூறு அடி நடக்கச் சொல்லிப் பார்ப்பார். நொண்டுகிறவர் லைனுக்குத் தகுதியில்லை; அவரை மேட்டுப் பம்ப் ஹவுஸுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே வால்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அங்கேயே தங்க வேண்டும், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். நடைச் சோதனைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. லைன்காரருக்குத்தான் கால் சீக்கிரம் புண்ணாகும் வாகு. அவருடைய மனைவி தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தாள். "நீங்க அங்க வால்வைப் பாத்துட்டு உக்காருங்க, நான் இங்க சுவரைப் பாத்துட்டு உக்காரேன். இதுக்குத்தான் கல்யாணமா?" என்று கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசாமல் தினமும் சாயங்காலம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பேசியிருந்தாலே தேவலை என்று அவருக்கு இருந்தது.

குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நான் இந்தத் துறைல முப்பத்தொரு வருஷமா இருக்கேன். இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட லைன்ல கால் வெச்சது கிடையாது. அதனாலதான் இந்த விஷயத்துல என்னால துளி பாரபட்சம் இல்லாம முடிவெடுக்க முடியும்."

ஸ்டோர் கீப்பர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். தபால் அக்கா அதைக் குறித்துக்கொண்டார்.

குழாய் நிபுணர் அடுத்துப் பேசினார். குழாயில் நீர் வியர்க்காமல் இருக்க வெளியே துணி சுற்றும் வேலையில் அவருக்கு நிகர் யாருமில்லை என்பதால் அழைத்திருந்தார்கள். "அடிப்படையில கால்ங்கறது ஒரு குழாய்தான். ஒரு முனை அடைச்சிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு ஒரே ஒரு கவலை. குழாய் நகராது. கால் நகருது. அது ஏன்னு முதல்ல ஆராயணும்."

"நடக்கிறதுக்காக சார்," என்றார் லைன்காரர்.

எல்லோரும் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்ககிட்டக் கேக்கவேண்டிய நேரத்துல கேப்போம்," என்றார் தலைவர் அன்பாக.

லைன்காரரின் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் அவர் மனைவி தையற்காரப் புத்தியோடு நாலே வரி எழுதிக் கொடுத்திருந்தாள். குதிகாலிலும் விரல் முனையிலும் இரட்டை நெசவு இருக்க வேண்டும். உள்ளே திருப்பிப் பார்த்தால் விரல் பக்கத்துத் தையல் விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. வெறும் பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு காலோடு ஒட்டும். கம்பளி கலந்தது நல்லது. பூட்ஸ் வாய்க்கு மேலே நாலு விரல் ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டு குதிகாலுக்குக் கீழே போய்விடும். அந்தக் காகிதத்தை வெளியே எடுக்க அவருக்கு வாய்ப்பே வரவில்லை.

இரண்டு மணி நேரத்தில் குழு தானாகவே அளவுகோல்களை வகுத்தது. காலுறை, பூட்ஸுக்குள் இருக்கும்போது வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்க வேண்டும். நடக்கும்போது சத்தம் போடக் கூடாது. அலமாரியில் அடுக்க வசதியாகச் சதுரமாக மடிய வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஸ்டோர் கீப்பர் அழுத்திச் சொன்னார். "நல்ல சரக்குன்னா அலமாரியில வெச்சா வெச்ச மாதிரி இருக்கணும் சார். வெளிய எடுத்துட்டுப் போறவங்களாலதான் எல்லாமே கெட்டுப்போகுது. ஆள் யாரும் தொடாம இருந்தா என் ஸ்டோர்ல ஒரு பொருள்கூடப் பழுதாகாது."

பிறகு மூன்று வகைக் காலுறைகள், வகைக்கு ஒரு ஜோடி, தட்டில் கொண்டுவரப்பட்டன. முதலாவது பளபளக்கும் மெல்லிய நைலான். இரண்டாவது வெள்ளைப் பருத்தி. மூன்றாவது சாம்பல் நிறத்தில், கம்பளி கலந்து, குதிகால் பகுதி தடித்து, கணுக்காலுக்கு மேலே நன்றாக ஏறுகிற மாதிரி இருந்தது. லைன்காரருக்கு ஸ்டூலிலிருந்தே தெரிந்துவிட்டது. மனைவி எழுதிக் கொடுத்த நாலு வரியும் காலுறையாக உருவெடுத்துத் தட்டில் கிடந்தது.

"சார், அந்த மூணாவது..."

"அவசரப்படாதீங்க. விதிப்படி மூணு வாரம் சோதனை இருக்கு," என்றார் இணைப்பு. "பயனாளர் போட்டு நடப்பார். அதுக்கு மட்டும் சுற்றறிக்கையிலேருந்து விலக்கு. இன்னொரு விதி, வாங்கற பொருள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி கோப்புல இருக்கணும். இணைப்பைப் பார்க்கவும்."

சொல்லிவிட்டு ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு காலுறையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மேசை இழுப்பறையிலிருந்து துளைக்கருவியை எடுத்தார். அது அவருக்குப் பிரியமான கருவி. வேறு யாரையும் தொடவிடமாட்டார். காகிதத்துக்குச் செய்வதுபோலவே காலுறையை நேராக நீவி, ஓரத்தைச் சரிபார்த்து, 'டக்' என்று அமுக்கினார். மூன்று காலுறைக்கும் மூன்று 'டக்'. ஒவ்வொன்றிலும் இரண்டு வட்டமான துளைகள். அவற்றில் கயிற்றைக் கோத்து, இணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுக் கோப்பில் கட்டினார். கோப்பு அலமாரிக்குள் போனது. அலமாரி பூட்டப்பட்டது.

மீதி மூன்றும் லைன்காரருக்கு வந்தன. மூன்று காலுறை, மூன்றும் மூன்று வகை. பயனாளருக்கு இரண்டு கால்களே உள்ளன என்பது குறிப்பில் பதிவு செய்யப்பட்டது.

அதற்கும் இணைப்பு ஒரு வழி வகுத்தார். முதல் வாரம் இடது காலில் நைலான், வலது காலில் பருத்தி. இரண்டாம் வாரம் இடதில் பருத்தி, வலதில் கம்பளி. மூன்றாம் வாரம் இடதில் கம்பளி, வலதில் நைலான். தினமும் நடந்து முடித்ததும் நிரப்பித் தர ஒரு படிவம். அதில் 'இடது காலின் கருத்து' என்று ஒரு கட்டம், 'வலது காலின் கருத்து' என்று ஒரு கட்டம், 'இரண்டு கால்களுக்கும் கருத்து வேறுபாடு இருப்பின் அதற்கான காரணம்' என்று ஒரு கட்டம்.

லைன்காரர் கடமை தவறாதவர். ஒருநாள் விடாமல் நிரப்பினார். நைலான் நாலாம் நாளே குதிகாலிலும் விரல் முனையிலும் பிய்ந்து, கட்டைவிரல் வெளியே எட்டிப்பார்த்தது. பருத்தி கிழியவில்லை, ஆனால் சாயங்காலம் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. இரண்டாம் வாரம் வலது காலுக்குக் கம்பளி வந்தது. ஏழே நாளில் வலது குதிகால் ஆறி, புதுத் தோல் கட்டியது. மூன்றாம் வாரம் விதிப்படி அது இடது காலுக்கு மாற, இடது குதிகால் ஆறியது. நைலான் ஏற்கெனவே பிய்ந்துபோனதால் வலது கால் வெறுமனே பூட்ஸுக்குள் போய், ஆறியிருந்ததெல்லாம் மறுபடி உடைந்தது.

"ரெண்டு காலும் ஒரே சமயத்துல நல்லா இருக்க விதி இல்லையாமா?" என்றாள் மனைவி, வெந்நீரை ஊற்றிக்கொண்டே.

"அப்படிக் கேக்காத. அதுக்கும் ஒரு இணைப்பு வெச்சிருப்பாரு."

அவள் அந்தச் சாம்பல் நிறக் காலுறையைத் துவைத்து, உள்ளே திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பதினான்கு நாள், நாளுக்குப் பதினான்கு கிலோமீட்டர். ஒரு இழைகூட விடவில்லை. "இதோட ஜோடி மட்டும் கெடைச்சா, அந்த டாக்டர் முன்னாடி நீங்க ஓடியே காட்டலாம்," என்றாள். ஜோடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

இரண்டாம் கூட்டத்தில் எல்லோரும் முன்பு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஸ்டூல் மட்டும் இன்னும் ஓரடி தள்ளிப் போடப்பட்டிருந்தது. நடைச் சோதனைக்கு இருபது நாள் இருந்தது.

லைன்காரர் துவைத்து மடித்த மூன்று காலுறைகளையும் தட்டில் வைத்தார். இருபத்தொரு படிவங்களையும் அடுக்கி வைத்தார். தலைவர் தட்டை ஒரு விரலால் தள்ளினார்.

"இதெல்லாம் போட்டு நடந்ததாச்சே? போட்டு நடந்த பொருளை வெச்சு ஒரு பொருளோட உண்மையான தரத்தை எப்படிய்யா பாக்கிறது? கலப்படமில்லாத மாதிரி கோப்புல இருக்கில்ல, அதை எடுங்க."

இணைப்பு அலமாரியைத் திறந்து, கோப்பைக் கொண்டுவந்து, கயிற்றை அவிழ்த்து, மூன்று மாதிரிகளையும் வரிசையாகப் பரப்பினார். குழாய் நிபுணர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"சார். ஓட்டை."

"எதுல?"

"எல்லாத்துலயும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு."

தலைவரே எழுந்து வந்து பார்த்தார். ஆமாம், ஓட்டைதான்.

"சார், அது வந்து, அன்னிக்கு சார் மிஷின்ல..." என்று லைன்காரர் எழுந்தார். அறை மொத்தமும் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"என் அலமாரிக்குள்ள எலிகூட நுழையாது," என்றார் இணைப்பு, முகம் வெளிறிப்போய். "சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதே கிடையாது. கோப்புல இருந்தபடியே இருந்திருக்கு. யாரும் போடல, யாரும் நடக்கல."

கோப்பிலிருந்த மற்றத் தாள்களிலும் அதே இடத்தில், அதே அளவில், இரண்டிரண்டு துளைகள் இருந்தன. அதை யாரும் தாளின் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழாய் நிபுணர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என் அனுபவத்துல தண்ணி விடாமலே ஓட்டை விழுந்த குழாயை நான் பாத்ததே இல்லை. சும்மா இருக்கும்போதே ஒரே அளவா, வட்டமா ஓட்டை விழுதுன்னா, நடந்தா என்ன ஆகும்?"

"அப்ப இவர் கால்ல போட்ட அந்தச் சாம்பல் நிறம் கிழியலையே?" என்று நோட்டிலிருந்து நிமிர்ந்து கேட்டார் தபால் அக்கா. குறிப்பெடுப்பவர் கேள்வி கேட்பது வழக்கமில்லை என்பதால் அவரே அதைக் குறித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார்.

தலைவர் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "நல்லவேளை, நாம தப்பிச்சோம். இந்தக் குழு மட்டும் இல்லாம இருந்திருந்தா, பதினொரு பேர் இந்நேரம் இந்த ஓட்டைக் காலுறையை மாட்டிக்கிட்டு நிம்மதியா நடந்துட்டு இருந்திருப்பாங்க. அந்த ஆபத்தைத் தடுத்த பெருமை நமக்கு உண்டு. மூணு வகையும் நிராகரிக்கப்படுது."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கூட்டம் முடிந்தது. லைன்காரர் வெளியே வந்து பூட்ஸை மாட்டும்போது வலது குதிகால் உயிர் போகிற மாதிரி எரிந்தது.

ஒரு வாரம் கழித்துக் கூட்டக் குறிப்பின் நகல் வந்தது. தையல் கடையில், மிஷினுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு துணி மூட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவர் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். கடைசிப் பத்தி வந்தது. 'நிராகரிக்கப்பட்ட பொருட்கள், உபயோகித்தவையும் உபயோகிக்காதவையும், மீண்டும் பயன்பாட்டுக்கு வராதபடி முற்றிலும் அழிக்கப்பட வேண்டும். அழிக்கும் முறையைப் பரிந்துரைக்க விரும்புவோர் எழுதலாம்.'

"நல்ல காலுறையை எப்படி அழிப்பாங்களாம்?" என்றாள் அவள், மிதிப்பதை நிறுத்தாமல்.

"யாருக்குத் தெரியும்? எரிச்சா புகைன்னு ஒரு குழு போடுவாங்க. புதைச்சா மண்ணுன்னு ஒரு குழு."

"நீங்களா இருந்தா எப்படி அழிப்பீங்க?"

"நானா? எனக்கென்ன வேற வித்தை தெரியும். கால்ல போட்டுக்கிட்டு நடந்தா, தன்னால தேஞ்சு போயிடும்."

மிஷின் நின்றது. அவள் ஊசியிலிருந்து கையை எடுத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேனாவை எடுங்க," என்றாள்.

அவர் வழக்கம்போல ஒழுங்காகவே எழுதினார்:

'பொருள்: நிராகரிக்கப்பட்ட காலுறைகளை அழித்தல் தொடர்பாக. ஐயா, வணக்கம். மேற்படி காலுறைகளை எரிப்பதால் புகையும் புதைப்பதால் மண் கேடும் உண்டாகும். எனவே அவற்றைத் துறையின் பூட்ஸுக்குள் செலுத்தி, நாளொன்றுக்குப் பதினான்கு கிலோமீட்டர் வீதம், முழுவதும் தேய்ந்து அழியும்வரை தேய்க்கலாம் எனப் பணிவுடன் பரிந்துரைக்கிறேன். தேய்க்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். மேலும், லைன்காரர்கள் பதினொரு பேர் வீட்டிலும் அங்கீகாரம் பெறாத பழைய காலுறைகள் பல தேங்கிக் கிடக்கின்றன. அவற்றையும் இதே முறையில் அழிக்க அவரவருக்கு உத்தரவிட்டால், துறையின் விதிக்கு ஒத்துவராத காலுறையே எங்கும் இல்லாமல் போகும்.'

"கடைசி வரி உங்க மூளையா?" என்றாள்.

"மூத்த லைன்மேன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு."

கடிதம் குழுவைச் சுற்றி வந்தது. ஸ்டோர் கீப்பர், அலமாரி காலியாகும் என்பதால் ஒப்புக்கொண்டார். குழாய் நிபுணர், உராய்வு பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி ஒப்புக்கொண்டார். இணைப்பு மூன்று நாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அணிவதற்குத்தான் தடை இருந்தது, அழிப்பதற்கு இல்லை. தலைவர் பச்சை மையில் எழுதினார்: 'சிறந்த யோசனை. அழிக்கும் பணியில் மெத்தனம் கூடாது. ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு மாதத்துக்கு ஒரு ஜோடியாவது அழித்துக் காட்ட வேண்டும். கால்சட்டையைத் தூக்கிப் பார்த்து மேற்பார்வையாளர் இதை உறுதிசெய்ய வேண்டும்.'

நடைச் சோதனைக்கு எட்டு நாள் இருக்கும்போது, காலையில், லைன்காரர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு நொண்டிக்கொண்டே தபால் பிரிவின் கம்பித் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். தபால் அக்கா உத்தரவை மடித்து ஒரு பெரிய உறைக்குள் வைத்தார். பிறகு காலுறைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். கோப்பிலிருந்து மூன்று, காலிலிருந்து மூன்று. சாம்பல் நிறக் காலுறை இரண்டும் இத்தனை நாளுக்குப் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே போனதை லைன்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றில் இருந்த இரண்டு ஓட்டையும் அவர் மனைவிக்கு ஐந்து நிமிட வேலை. ஒரு குதிகால் ஆற ஏழு நாள் ஆகியிருந்தது. இருப்பது எட்டு நாள். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது.

"அக்கா, நான்தான் இங்கயே நிக்கிறேனே. கையில குடுத்துடுங்களேன். இப்பவே மாட்டிட்டுப் போயிடுவேன்."

"உறை உங்க பேருக்கு இல்லியே தம்பி. லைன் பிரிவு அலுவலகத்துக்கு. அங்க பிரிச்சு, பதிவு பண்ணி, அங்கேருந்துதான் உங்களுக்கு."

"அது மூணு கிலோமீட்டராச்சே. அங்க தபால் எப்பப் போகும்? யார் எடுத்துட்டுப் போவாங்க?"

அக்கா பதிவேட்டைப் புரட்டி, விரலை வைத்து வாசித்தார். வாசித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பக்கம் நடந்து போற லைன்காரர்."

பிறகு அக்கா உறையின் வாயை ஒட்டி, அரக்கை உருக்கிச் சொட்டி, முத்திரையை ஊன்றி அழுத்தினார். பதிவேட்டைத் தடுப்புக்கு அடியில் நகர்த்தினார். 'எடுத்துச் செல்பவர்' என்ற கட்டத்தில் லைன்காரர் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தன்னால் ஆனதைச் செய்யலாம் என்று இழுப்பறையிலிருந்து சிவப்பு ரப்பர் முத்திரையை எடுத்து, உறையின் நெற்றியில் 'அவசரம்' என்று குத்தினார்.

"கவலைப்படாதீங்க தம்பி. இனிமே சீக்கிரமா போயிடும்."

லைன்காரர் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலைப் பூட்ஸுக்குள் நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.